லத்தீன் அயற்கூற்று: ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழ் வழியே படிப்பது எப்படி?

லத்தீன் படிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தடுமாறி நிற்கும் முதல் பெரிய இடம் அயற்கூற்று. 'அரசி வருகிறாள்' என்பது நேரான செய்தி. 'அரசி வருவதாக அவன் சொல்கிறான்' என்றால் அந்தச் செய்தி இன்னொருவர் வாய்வழியாக வருகிறது. சொல்வது மட்டுமல்ல, நினைப்பது, அறிவது, கேள்விப்படுவது, பார்ப்பது, நம்புவது என எதன் வழியாக வந்தாலும் லத்தீன் ஒரே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறது. சீசர், சிசெரோ, லிவி ஆகிய பண்டைய ரோமானிய எழுத்தாளர்களின் உரைநடையில் இது வராத பக்கம் அரிது. இதைத் தாண்டாமல் மூல நூல்களுக்குள் போக முடியாது.

நம்மில் பலர் லத்தீனை ஆங்கிலப் பாடநூல் வழியாகத்தான் படிக்கிறோம். அந்த நூல்கள் இந்த இடத்தில் தரும் விதிகளில் பாதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதற்கான விதிகள். ஆங்கிலத்தில் 'சொன்னான்' என்று தலைமை வினை இறந்தகாலத்துக்குப் போனால், உள்ளே இருக்கும் வினையும் இறந்தகாலத்துக்கு இறங்க வேண்டும். லத்தீனில் அப்படி இல்லை. தமிழிலும் இல்லை. இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டால் பாடநூலின் பாதி அட்டவணைகள் நமக்குத் தேவையே இல்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வழியில்தான் போகிறது.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். லத்தீன் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில், பண்டைய ரோமானிய உச்சரிப்பை ஒட்டித் தருகிறேன். சீசரின் பெயர் மேற்கோளுக்குள் 'கைஸர்' என்று வருவது அதனால்தான். தமிழ் எழுத்தில் வல்லொலி, மெல்லொலி வேறுபாடு முழுதாகத் தெரியாது. பக்கத்தில் மூல நூலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு: இரண்டே மாற்றங்கள்

நேர்கூற்று: *ரேகீன வெனித்*. அரசி வருகிறாள்.

அயற்கூற்று: *தீக்கித் ரேகீனம் வெனீரெ*. அரசி வருவதாக அவன் சொல்கிறான்.

நடந்தவை இரண்டு. எழுவாயாக இருந்த 'ரேகீன' இரண்டாம் வேற்றுமைக்குப் போய் 'ரேகீனம்' ஆனது. 'வெனித்' என்ற வினைமுற்று, திணை, பால், எண், இடம் எதையும் காட்டாத இன்ஃபினிட்டிவாகி 'வெனீரெ' என்று நிற்கிறது. 'என்று' போன்ற இணைப்புச்சொல் எதுவும் கிடையாது.

தமிழில் 'வருவதாக' என்று சொல்லும்போதும் வினைமுற்று மறைந்துவிடுகிறது. 'வருகிறாள்' என்பதில் இருந்த பெண்பால் விகுதி 'வருவதாக' என்பதில் இல்லை. அரசி வருவதாக, அரசன் வருவதாக, அவர்கள் வருவதாக, நான் வருவதாக: எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். லத்தீன் இன்ஃபினிட்டிவும் இப்படித்தான். வேறுபாடு எழுவாயில் இருக்கிறது. தமிழில் 'அரசி' மாறாமல் நிற்கிறாள். லத்தீனில் 'அரசியை' ஆகிறாள். 'அரசி வருவதைப் பார்த்தேன்' என்ற தமிழ் வாக்கியத்தில் 'ஐ' உருபு 'வருவது' மேல் ஏறுகிறது. லத்தீன் அதே வேற்றுமையை அரசியின் மேல் ஏற்றுகிறது. தமிழர் புதிதாகப் பழகவேண்டிய முதல் விஷயம் இதுதான்.

முதல் படி: தலைமை வினையைத் தேடுங்கள்

வாக்கியத்தை இடமிருந்து வலமாக மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். முதலில் சொல்லுதல், எண்ணுதல், அறிதல், உணர்தல் ஆகியவற்றைக் குறிக்கும் வினை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தீக்கோ (சொல்கிறேன்), நெகோ (இல்லை என்கிறேன்), புத்தோ (எண்ணுகிறேன்), க்ரேதோ (நம்புகிறேன்), ஸ்கியோ (அறிவேன்), ஔதியோ (கேட்கிறேன்), விதெயோ (காண்கிறேன்), ஸ்பேரோ (எதிர்பார்க்கிறேன்) ஆகியவை அடிக்கடி வருபவை. இப்படி ஒன்று கண்ணில் பட்டதும், அருகில் இன்ஃபினிட்டிவ் இருக்கிறதா, அதற்கு எழுவாயாக நிற்கக்கூடிய இரண்டாம் வேற்றுமைச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றும் இருந்தால் பெரும்பாலும் அயற்கூற்றுதான்.

தலைமை வினை சில சமயம் வினையாகவே இருக்காது. 'தெரிவிக்கப்பட்டபோது', 'வதந்தி பரவியது', 'நம்பிக்கை இருந்தது' போன்ற தொடர்களும் இதே வேலையைச் செய்யும். சீசரின் 'காலியப் போர்' முதல் நூல், 7ஆம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:

*கைஸரீ கும் இத் நூன்தியாத்தும் எஸ்ஸெத், எயோஸ் பெர் ப்ரோவின்கியம் நோஸ்த்ரம் இத்தெர் ஃபக்கெரெ கோனாரீ, மாத்தூரத் அப் உர்பெ ப்ரோஃபிக்கீஸ்கீ.*

'அவர்கள் நம் மாகாணம் வழியாகப் பயணம் செய்ய முயல்வதாகச் சீசருக்குத் தெரிவிக்கப்பட்டபோது, அவர் நகரிலிருந்து விரைந்து புறப்படுகிறார்.' கி.மு. 58இல் ஹெல்வேத்தியர் (இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த இனத்தார்) தங்கள் நாட்டைவிட்டுக் கிளம்பிய செய்தி இது. 'எயோஸ்' (அவர்களை) என்பது அயற்கூற்றின் எழுவாய். 'கோனாரீ' (முயல) அதன் வினை. 'நூன்தியாத்தும் எஸ்ஸெத்' (தெரிவிக்கப்பட்டது) தலைமை வினையின் வேலையைச் செய்கிறது.

கடைசியில் வரும் 'ப்ரோஃபிக்கீஸ்கீ' (புறப்பட) என்பதும் இன்ஃபினிட்டிவ்தான். ஆனால் அதற்குத் தனி எழுவாய் இல்லை; விரைகிறவரும் புறப்படுகிறவரும் ஒருவரே. அது அயற்கூற்று அல்ல. விரும்புதல், முடிதல், விரைதல், தொடங்குதல் ஆகியவற்றோடு வரும் இத்தகைய இன்ஃபினிட்டிவைத் தமிழில் 'வர விரும்புகிறான்', 'வரத் தொடங்கினான்' என்று 'செய' என்னும் எச்சமாக எழுதலாம். எழுவாய் தனியாக நின்றால் 'வருவதாக', நிற்காவிட்டால் 'வர'. கட்டளையிடும் 'யுபெயோ', தடுக்கும் 'வெத்தோ' ஆகியவற்றோடு இரண்டாம் வேற்றுமைச் சொல்லும் இன்ஃபினிட்டிவும் சேர்ந்து வரும். அங்கே ஏவல்தான் இருக்கிறது, செய்தி இல்லை. 'அவனை வரச் சொன்னான்' என்று முடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: காலம்

பாடநூல்கள் அதிகப் பக்கங்களைச் செலவிடுவது இங்கே. தமிழ் தெரிந்தவருக்கு இது மிக எளிது. கீழே உள்ளவற்றை வாய்விட்டுப் படியுங்கள்.

*தீக்கித் ரேகீனம் வெனீரெ*: அரசி வருவதாகச் சொல்கிறான்.
*தீக்ஸித் ரேகீனம் வெனீரெ*: அரசி வருவதாகச் சொன்னான்.

*தீக்கித் ரேகீனம் வேனிஸ்ஸெ*: அரசி வந்ததாகச் சொல்கிறான்.
*தீக்ஸித் ரேகீனம் வேனிஸ்ஸெ*: அரசி வந்ததாகச் சொன்னான்.

*தீக்கித் ரேகீனம் வென்தூரம் எஸ்ஸெ*: அரசி வரப்போவதாகச் சொல்கிறான்.
*தீக்ஸித் ரேகீனம் வென்தூரம் எஸ்ஸெ*: அரசி வரப்போவதாகச் சொன்னான்.

'சொல்கிறான்' என்பது 'சொன்னான்' ஆனபோது உள்ளே எதுவும் அசையவில்லை, லத்தீனிலும் தமிழிலும். இன்ஃபினிட்டிவின் காலம் நம் காலத்தைப் பொறுத்ததல்ல. சொன்னவன் சொன்ன கணத்தைப் பொறுத்தது. நிகழ்கால இன்ஃபினிட்டிவ் என்றால் சொல்லும்போதே நடந்துகொண்டிருக்கிறது. இறந்தகாலம் என்றால் சொல்வதற்கு முன்பே நடந்துவிட்டது. எதிர்காலம் என்றால் சொன்ன பிறகு நடக்க இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் படிக்கும் மாணவர் இதே ஆறு வாக்கியங்களுக்கும் தனித்தனி வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. நாம் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. தமிழின் 'வருவதாக' நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவானது. 'நாளை வருவதாகச் சொன்னான்' என்று தாராளமாகச் சொல்கிறோம். லத்தீனின் 'வெனீரெ' அப்படி விட்டுக்கொடுக்காது. அது சொல்லும் கணத்தில் நடப்பதை மட்டும் குறிக்கும். லத்தீனிலிருந்து தமிழுக்கு வரும்போது குழப்பம் வரும் என்று தோன்றினால் 'வந்துகொண்டிருப்பதாக' என்று எழுதுங்கள். தமிழிலிருந்து லத்தீனுக்குப் போகும்போது, 'வருவதாக' என்பதன் உண்மையான காலம் எது என்று கேட்டுக்கொண்டு பிறகு எழுதுங்கள். வாக்களித்தல், எதிர்பார்த்தல், மிரட்டல், சூளுரைத்தல் ஆகிய வினைகளோடு தமிழ் 'வருவதாக' என்றே சொல்லும். லத்தீன் பொதுவாக எதிர்கால இன்ஃபினிட்டிவைக் கேட்கும். 'தான் வருவதாக வாக்களிக்கிறான்' என்பது *ப்ரோமித்தித் ஸே வென்தூரும் எஸ்ஸெ*.

எதிர்கால வடிவம் உண்மையில் ஒரு பார்டிசிபிளும் (பெயரடை போல நிற்கும் வினைவடிவம்) 'எஸ்ஸெ'யும் ('இரு' என்ற வினையின் இன்ஃபினிட்டிவ்) சேர்ந்தது. அந்தப் பார்டிசிபிள் எழுவாயோடு பால், எண், வேற்றுமையில் ஒத்துப்போகும்: அரசி என்றால் 'வென்தூரம்', படைவீரன் என்றால் 'வென்தூரும்', பல ஆண்கள் என்றால் 'வென்தூரோஸ்'. செயப்பாட்டுவினையின் இறந்தகாலமும் இதே மாதிரிதான்: *உர்பெம் கப்தம் எஸ்ஸெ*, 'நகரம் பிடிபட்டுவிட்டதாக'. நிகழ்காலச் செயப்பாட்டு வடிவம் 'கபீ': *உர்பெம் கபீ*, 'நகரம் பிடிக்கப்படுவதாக'. எதிர்காலச் செயப்பாட்டு வடிவம் 'கப்தும் ஈரீ' அரிதாகவே வரும். அதில் 'கப்தும்' எதற்கும் மாறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: 'எஸ்ஸெ' காணாமல் போகும் இடங்கள்

பாடநூலில் தவறாமல் வரும் 'எஸ்ஸெ', மூல நூல்களில் அடிக்கடி விடுபட்டிருக்கும். இன்ஃபினிட்டிவைத் தேடிக் கிடைக்காமல் மாணவர் திகைப்பது இதனால்தான். ரோமானிய நாடக ஆசிரியர் தெரென்ஸின் நாடகத்தில் வரும் புகழ்பெற்ற வரி: *ஹூமானீ நீல் ஆ மே அலியேனும் புத்தோ*. 'மனிதருக்குரிய எதுவும் எனக்கு அந்நியம் இல்லை என்று கருதுகிறேன்.' 'புத்தோ' இருக்கிறது, 'நீல்' (எதுவும் இல்லை), 'அலியேனும்' (அந்நியமானது) இருக்கின்றன. 'எஸ்ஸெ' மட்டும் இல்லை. தலைமை வினையும், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பெயரும் பெயரடையும் இருந்து, இன்ஃபினிட்டிவ் மட்டும் இல்லாவிட்டால் 'எஸ்ஸெ'யை மனத்துக்குள் போட்டுப் பாருங்கள்.

ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் *கார்தாகினெம் எஸ்ஸெ தேலென்தம்* என்பதும் அயற்கூற்றுதான்; முன்னால் 'கேன்ஸெயோ' (என் கருத்து) என்று வரும். 'கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.' 'தேலென்தம்' போன்ற வடிவம் 'எஸ்ஸெ'யோடு சேர்ந்தால் தமிழில் 'வேண்டும்' வரும். கேட்டோ கி.மு. 149இல் இறந்தார், கார்த்தேஜ் கி.மு. 146இல் அழிந்தது. நாம் இன்று சொல்லும் வடிவத்தில் இந்த வாக்கியம் பண்டைய நூல் எதிலும் அப்படியே இல்லை; புளூட்டார்க் இதைக் கிரேக்கத்தில் தருகிறார்.

'புத்தோ' இருக்கும் இடமெல்லாம் அயற்கூற்று என்றும் எண்ணிவிட வேண்டாம். பேரரசர் வெஸ்பாசியன் நோயுற்றபோது சொன்னதாக சுவெட்டோனியஸ் எழுதுவது: *வை, புத்தோ, தெயுஸ் ஃபீயோ*. 'ஐயோ, நான் கடவுளாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.' இங்கே 'தெயுஸ்' முதல் வேற்றுமையில் நிற்கிறது, 'ஃபீயோ' வினைமுற்று. 'புத்தோ' இடையில் ஒட்டிக்கொண்ட சொல். தமிழில் 'போலிருக்கிறது', 'என்று நினைக்கிறேன்' என்று வாக்கியத்தின் கடைசியில் போடுவோமே, அதன் வேலை.

நான்காம் படி: ஸே என்பது 'தான்'

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு மிகவும் கடினமானதும் நமக்கு மிகவும் இயல்பானதுமான பகுதி இது.

*கைஸர் தீக்ஸித் ஸே வெனீரெ.* தான் வருவதாகச் சீசர் சொன்னார்.
*கைஸர் தீக்ஸித் எயும் வெனீரெ.* அவர் வருவதாகச் சீசர் சொன்னார். (வருகிறவர் வேறொருவர்.)

'ஸே' தலைமை வினையின் எழுவாயையே திரும்பக் குறிக்கிறது. எழுத்துத் தமிழின் 'தான்' செய்வதும் அதே வேலை. 'எயும்' என்பது 'அவனை'. 'எயம்' என்பது 'அவளை'. உடைமையிலும் இந்த இணை தொடர்கிறது: 'ஸுயுஸ்' என்றால் 'தன்', 'எயுஸ்' என்றால் 'அவனுடைய'. 'ஸே' ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே. ஆகவே எழுவாய் பன்மையாக இருந்தால் 'தாங்கள்' என்று எழுத வேண்டும்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'வருவதாகச் சீசர் சொன்னார்' என்று நாம் 'தான்' இல்லாமலே சொல்வோம், கேட்பவருக்கும் புரியும். லத்தீனில் 'ஸே'யை விடுவது வழக்கமல்ல. லத்தீனில் எழுதும்போது அதைச் சேர்த்துவிடுங்கள். தமிழில் மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு 'ஸே'க்கும் ஒரு 'தான்' போட்டால் நடை இறுகிவிடும். குழப்பம் வராத இடத்தில் விட்டுவிடலாம்.

ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸின் 70ஆம் கவிதை 'ஸே'யோடுதான் தொடங்குகிறது: *நூல்லீ ஸே தீக்கித் முலியெர் மெய நூபெரெ மால்லெ க்வம் மிஹி*. 'என்னைவிட வேறு யாரையும் மணக்கத் தான் விரும்பவில்லை என்கிறாள் என் பெண்.' இங்கே 'தீக்கித்' என்ற சொல்லில்தான் கவிதையின் வலி இருக்கிறது. அவள் சொல்கிறாள், அவ்வளவுதான். அது உண்மையா என்பதைக் கவிஞர் தன் பொறுப்பில் ஏற்கவில்லை. காதல் கொண்டவனிடம் பெண் சொல்வதைக் காற்றிலும் ஓடும் நீரிலும் எழுத வேண்டும் என்று கடைசி இரண்டு வரிகளில் முடிக்கிறார். அயற்கூற்று வெறும் இலக்கண அமைப்பல்ல, பேச்சின் பொறுப்பு யாருடையது என்று காட்டும் கருவி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: இரண்டு இரண்டாம் வேற்றுமைகள் மோதும்போது

எழுவாயும் இரண்டாம் வேற்றுமையில், செயப்படுபொருளும் இரண்டாம் வேற்றுமையில் என்றால் யார் யாரை என்பது எப்படித் தெரியும்? ரோமானியர்களுக்கே இந்தக் கேள்வி இருந்தது. கவிஞர் என்னியுஸின் வரியொன்றை சிசெரோ எடுத்துக்காட்டுகிறார். எப்பைரஸ் மன்னன் பிர்ருஸுக்குத் தெல்ஃபிக் குறிகூறும் தெய்வம் அப்போலோ சொன்னதாக வரும் வாக்கு:

*ஆயோ தே, ஐயாக்கிதா, ரோமானோஸ் வின்கெரெ போஸ்ஸெ.*

'ஐயாக்கிதா' என்பது பிர்ருஸை விளிக்கும் சொல். 'தே' என்பது 'உன்னை'. 'ரோமானோஸ்' என்பது 'ரோமானியரை'. இரண்டும் இரண்டாம் வேற்றுமை. 'உன்னால் ரோமானியரை வெல்ல முடியும் என்கிறேன்' என்றும் படிக்கலாம். 'ரோமானியரால் உன்னை வெல்ல முடியும் என்கிறேன்' என்றும் படிக்கலாம். பிர்ருஸ் கி.மு. 280இல் இத்தாலியில் இறங்கினான், தொடக்கத்தில் வெற்றிகளும் பெற்றான், கி.மு. 275இல் இத்தாலியை விட்டுப் போனான். இந்த வாக்கை சிசெரோ நம்பவில்லை. அப்போலோ ஒருநாளும் லத்தீனில் பேசியதில்லை, கிரேக்கர்கள் இப்படி ஒரு வாக்கைக் கேள்விப்பட்டதில்லை, பிர்ருஸ் காலத்தில் அப்போலோ கவிதை பாடுவதையே நிறுத்திவிட்டார் என்று அடுக்குகிறார். குறிசொல்லும் கூற்று பொய்யாக இருக்கலாம். இலக்கணச் சிக்கல் உண்மையானது.

சாதாரண உரைநடையில் இந்தக் குழப்பம் குறைவு. முதலில் வரும் இரண்டாம் வேற்றுமைச் சொல் பெரும்பாலும் எழுவாய். பொருளும் வழிகாட்டும்: ஒன்று மனிதராகவும் மற்றொன்று பொருளாகவும் இருந்தால் யார் செய்தார் என்பது தெரிந்துவிடும். 'ஸே' இருந்தால் அதுதான் எழுவாயா என்று முதலில் சோதியுங்கள், பெரும்பாலும் ஆம். இவை எல்லாம் கைவிட்டால் முன்பின் வாக்கியங்களைப் பாருங்கள். கத்துல்லுஸ் 72ஆம் கவிதையில் *தீக்கேபாஸ் க்வொன்தம் ஸோலும் தே நோஸ்ஸெ கத்துல்லும்* என்கிறார். 'கத்துல்லுஸை மட்டுமே உனக்குத் தெரியும் என்று முன்பு சொல்வாய்.' 'தே', 'கத்துல்லும்' இரண்டும் ஒரே வேற்றுமை. அடுத்த வரியில் அவள் ஜுப்பிட்டரைக்கூட அவனுக்கு மேலாக விரும்பமாட்டாள் என்று வருவதால் அறிபவள் அவள், அறியப்படுபவன் அவன் என்று தெளிவாகிறது. 'நோஸ்ஸெ' என்பது 'நோவிஸ்ஸெ'யின் சுருக்கம். வடிவம் இறந்தகாலம், பொருள் நிகழ்காலம். இப்படிச் சுருங்கிய வடிவங்கள் அயற்கூற்றில் ஏராளம்.

ஆறாம் படி: உள்ளே வரும் துணைத்தொடர்கள்

அயற்கூற்றுக்குள் 'எவன்', 'ஏனெனில்', 'எப்போது' என்று தொடங்கும் துணைத்தொடர் வந்தால் அதன் வினை சப்ஜங்டிவுக்கு (நோக்கம், ஏவல், பிறர் கூற்று போன்றவற்றுக்கு வரும் தனி வினைவடிவம்) மாறும். அது இன்ஃபினிட்டிவாகாது. அதுவும் சொன்னவரின் பேச்சின் பகுதிதான் என்பதற்கு அது அடையாளம். அதே இடத்தில் சாதாரண வினைமுற்று நின்றால், அந்தத் துணைத்தொடர் நூலாசிரியர் தாமாகச் சேர்த்த விளக்கம் என்று பொருள் கொள்ளலாம். இந்த நுட்பத்தைத் தமிழ் வினையில் காட்ட வழியில்லை. முக்கியமான இடமென்றால் 'அவர் கூற்றுப்படி' என்று சேர்க்கலாம், மற்ற இடங்களில் விட்டுவிடலாம்.

இதற்குச் சீசரைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. ஹெல்வேத்தியரின் தூதுக்குழுத் தலைவன் திவிக்கோ, கி.மு. 107இல் ரோமானியத் தளபதி காஸியுஸை வென்ற போரில் அவர்களுக்குத் தலைமை தாங்கியவன். முதல் நூல் 13ஆம் அத்தியாயத்தில் அவன் பேசுவதும், 14ஆம் அத்தியாயத்தில் சீசர் பதில் சொல்வதும் முழுக்க முழுக்க அயற்கூற்று. 'சீசர் இவ்வாறு பதில் சொன்னார்' என்று ஒருமுறை வருவதோடு சரி; அப்புறம் வரிசையாக இன்ஃபினிட்டிவ்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் தலைமை வினையைத் தேடினால் கிடைக்காது. பத்தியின் தொடக்கத்தில் சொன்ன ஒரு வினை கடைசி வரைக்கும் ஆட்சி செய்கிறது.

அந்தப் பதிலிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

*கோன்ஸ்வேஸ்ஸெ எனிம் தெயோஸ் இம்மோர்தாலேஸ், க்வோ கிரவியுஸ் ஹொமினேஸ் எக்ஸ் கொம்மூத்தாத்தியோனெ ரேரும் தொலெயன்த், க்வோஸ் ப்ரோ ஸ்கெலெரெ எயோரும் உல்கீஸ்கீ வெலின்த், ஹீஸ் ஸெக்குன்தியோரேஸ் இன்தெர்தும் ரேஸ் எத் தியூத்துர்னியோரெம் இம்பூனித்தாத்தெம் கொன்கேதெரெ.*

நீளத்தைக் கண்டு மிரள வேண்டாம். முதுகெலும்பு மூன்று சொற்கள்தான்: 'கோன்ஸ்வேஸ்ஸெ' (வழக்கமாகக் கொண்டிருப்பதாக), 'தெயோஸ்' (தெய்வங்களை, அதாவது தெய்வங்கள்), கடைசியில் 'கொன்கேதெரெ' (அளிக்க). தெய்வங்கள் அளிப்பது வழக்கம். யாருக்கு? 'ஹீஸ்', இவர்களுக்கு. எதை? இன்னும் வளமான நிலையையும் இன்னும் நீண்ட தண்டனையற்ற காலத்தையும். இப்போது நடுவில் இருக்கும் இரண்டு துணைத்தொடர்களை எடுங்கள். 'க்வோஸ் … வெலின்த்': எவர்களைக் குற்றத்துக்காகத் தண்டிக்க விரும்புகின்றனவோ. 'க்வோ கிரவியுஸ் … தொலெயன்த்': நிலைமை தலைகீழாகும்போது மனிதர்கள் இன்னும் கடுமையாக வருந்த வேண்டும் என்பதற்காக. 'வெலின்த்' சப்ஜங்டிவ் ஆனது அயற்கூற்றுக்குள் நிற்பதால். 'தொலெயன்த்' நோக்கத்தைச் சொல்வதால் நேர்கூற்றிலும் சப்ஜங்டிவாகவே இருந்திருக்கும்.

சேர்த்தால்: 'குற்றத்துக்காக யாரைத் தண்டிக்க நினைக்கின்றனவோ, அவர்களுக்கு இடையில் கூடுதல் வளத்தையும் நீண்டகாலம் தண்டனையின்றி வாழும் வாய்ப்பையும் தெய்வங்கள் தருவது வழக்கம், காலம் மாறும்போது அவர்கள் இன்னும் கடுமையாக வருந்த வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கின்றன.' லத்தீனின் நடு நோக்கத்தைத் தமிழில் கடைசிக்குக் கொண்டுபோனேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் 'தருவதாக' என்று முடிக்கத் தேவையில்லை. சீசர் பேசுகிறார் என்று முன்பே தெரிந்துவிட்டதால் வினைமுற்றோடு நிறுத்தலாம்.

திவிக்கோவின் பேச்சில் இன்னொரு பாடம் இருக்கிறது. ரோமானிய மக்கள் சமாதானம் செய்துகொண்டால் ஹெல்வேத்தியர் சீசர் காட்டும் இடத்துக்குச் செல்வார்கள், அங்கேயே இருப்பார்கள் என்கிறான்: *இன் எயம் பார்தெம் இத்தூரோஸ் அத்க்வெ இபி ஃபுத்தூரோஸ் ஹெல்வேத்தியோஸ்*. 'எஸ்ஸெ' இங்கும் விடுபட்டிருக்கிறது. முடிவு இன்ஃபினிட்டிவில், 'செய்துகொண்டால்' என்ற நிபந்தனை சப்ஜங்டிவில். போரைத் தொடர்ந்தால், ரோமானியர் முன்பு பட்ட துன்பத்தையும் ஹெல்வேத்தியரின் பழைய வீரத்தையும் சீசர் 'ரெமினிஸ்கெரேத்துர்' என்கிறான். நேரில் 'நினைத்துப் பார்!' என்ற ஏவல் இது. அயற்கூற்றில் ஏவல் சப்ஜங்டிவாகிறது. தமிழில் இதற்கென்றே 'அட்டும்' இருக்கிறது: 'நினைத்துப் பார்க்கட்டும்'. உண்மையான கேள்விகளும் சப்ஜங்டிவுக்குப் போகும். பதிலை எதிர்பார்க்காத, வலியுறுத்தலுக்கான கேள்விகள் பெரும்பாலும் இன்ஃபினிட்டிவில் நிற்கும்.

ஏழாம் படி: தமிழில் எந்த வடிவம்?

நம்மிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன: 'வருவதாக', 'என்று'. 'வருவதாக' லத்தீன் அமைப்புக்கு நெருக்கமானது. செய்தியிலிருந்து எழுதுபவர் ஓர் அடி தள்ளி நிற்பதையும் காட்டும். 'என்று' போட்டால் சொன்னவரின் வாக்கியம் ஏறக்குறைய அப்படியே வரும். அதனால் 'ஸே'யை 'நான்' என்றும் மொழிபெயர்க்கலாம்: 'நான் வருகிறேன் என்று சீசர் சொன்னார்.' தமிழில் இது மிக இயல்பு, பிழையும் இல்லை. ஸ்கியோ, க்ரேதோ போன்றவற்றோடு 'என்று' அல்லது 'என்பது' நன்றாக அமையும்: 'அவள் வந்தாள் என்பது எனக்குத் தெரியும்'. விதெயோவோடு 'வருவதைக் காண்கிறேன்' சரியாக இருக்கும். மாணவர்களுக்கு நான் சொல்வது: பொருளில் சந்தேகம் வந்தால் முதலில் 'என்று' போட்டு நேர்கூற்றைக் கண்டுபிடியுங்கள், பிறகு நடைக்கு ஏற்ப மாற்றுங்கள்.

'நெகோ'வை 'மறுக்கிறேன்' என்று எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. 'வர மறுக்கிறான்' என்றால் வர இணங்கவில்லை என்று ஆகிவிடும். *நெகத் ஸே வேனிஸ்ஸெ* என்பது 'தான் வரவில்லை என்கிறான்'. லத்தீன் 'இல்லை'யைச் சொல்லும் வினைக்குள் வைக்கிறது; தமிழ் அதை உள்ளே இருக்கும் வினைக்குத் தள்ளுகிறது.

தலைமை வினை செயப்பாட்டில் வந்தால் லத்தீன் இரண்டு வழிகளில் போகும். சிசெரோ எழுதுவது *த்ராதித்தும் எஸ்த் எத்தியம் ஹொமேரும் கைக்கும் ஃபுயிஸ்ஸெ*: ஹோமர் பார்வையற்றவராக இருந்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதில் ஹோமர் இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறார். இதையே *ஹொமேருஸ் கைக்குஸ் ஃபுயிஸ்ஸெ தீக்கித்துர்* என்றும் சொல்லலாம். அப்போது அவர் முதல் வேற்றுமைக்கு வந்து 'சொல்லப்படுகிறார்' என்ற வினைக்கே எழுவாயாகிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே மொழிபெயர்ப்புதான்.

விவிலிய லத்தீன் படிப்பவர்களுக்கு

குருமடங்களிலும் தேவாலயப் பாடல்களிலும் லத்தீனைச் சந்திப்பவர்கள் வேறொரு அமைப்பையும் காண்பார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் உருவாக்கத் தொடங்கிய வுல்காத்தா விவிலியத்தில் 'க்வொத்', 'க்வியா' என்ற இணைப்புச்சொற்கள் அயற்கூற்றைத் தொடங்குகின்றன. தொடக்கநூலில் *எத் வீதித் தெயுஸ் க்வொத் எஸ்ஸெத் பொனும்*: அது நல்லது என்று கடவுள் கண்டார். யோவான் நற்செய்தியில் நிக்கொதேம் சொல்வது *ஸ்கீமுஸ் க்வியா ஆ தெயோ வேனிஸ்தீ மகிஸ்தெர்*: நீர் கடவுளிடமிருந்து வந்த போதகர் என்று அறிவோம். இங்கே வினைமுற்று அப்படியே இருக்கிறது, எழுவாய் முதல் வேற்றுமையில் இருக்கிறது. 'என்று' போடுங்கள், முடிந்தது. ஆனால் சீசர், சிசெரோ நடையில் எழுதிப் பழகும்போது இதைக் கொண்டுவர வேண்டாம்.

பேச்சுத் தமிழுக்கான இலக்கணத்தை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது லத்தீனில்தான். இந்த இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் மண்ணில் புதிதல்ல.

பயிற்சி

விடையைப் பார்க்குமுன் நீங்களே முயலுங்கள். ஒவ்வொன்றிலும் தலைமை வினை, இன்ஃபினிட்டிவ், அதன் எழுவாய், காலம் என்ற வரிசையில் போங்கள்.

*நௌத்தை தீக்குன்த் நாவேஸ் அப்ப்ரொபின்க்வாரெ.* கப்பல்கள் நெருங்கிக்கொண்டிருப்பதாக மாலுமிகள் சொல்கிறார்கள். 'நாவேஸ்' முதல், இரண்டாம் வேற்றுமைகள் இரண்டுக்கும் ஒரே வடிவம். 'தீக்குன்த்' என்ற வினைக்கு 'நௌத்தை' எழுவாயாக இருப்பதால் 'நாவேஸ்' அயற்கூற்றின் எழுவாய்.

*மீலெஸ் நெகாவித் ஸே ஹொஸ்தெம் வீதிஸ்ஸெ.* தான் எதிரியைப் பார்க்கவில்லை என்று படைவீரன் சொன்னான். 'ஸே', 'ஹொஸ்தெம்' இரண்டும் இரண்டாம் வேற்றுமை, 'ஸே'தான் எழுவாய்.

*மாத்தெர் ஸ்பேரத் ஃபீலியம் மொக்ஸ் ரெதித்தூரம்.* மகள் விரைவில் திரும்பி வருவாள் என்று தாய் எதிர்பார்க்கிறாள். 'எஸ்ஸெ' விடுபட்டிருக்கிறது, 'ரெதித்தூரம்' மகளோடு பெண்பாலில் ஒத்துப்போகிறது.

*நூன்தியுஸ் தீக்ஸித் உர்பெம் கப்தம் எஸ்ஸெ.* நகரம் பிடிபட்டுவிட்டதாகத் தூதன் சொன்னான்.

இவை எளிதாக வந்துவிட்டால் நேராகச் சீசரின் முதல் நூல் 13, 14ஆம் அத்தியாயங்களுக்குப் போங்கள். எல்லா இன்ஃபினிட்டிவ்களுக்கும் ஒரு நிறம், அவற்றின் எழுவாய்களுக்கு இன்னொரு நிறம், சப்ஜங்டிவ்களுக்கு மூன்றாவது நிறம் என்று கோடிடுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் திவிக்கோவும் சீசரும் நேரில் பேசியது போல நேர்கூற்றாக மாற்றி எழுதுங்கள். அது முடிந்ததும் அதே நூலின் 44ஆம் அத்தியாயத்தில் ஜெர்மானிய மன்னன் அரியோவிஸ்துஸின் நீண்ட பதில் இருக்கிறது. அதற்குப் பிறகு லிவியைத் திறக்கலாம்.